பூனை இலவசம்தான், வளர்க்க எவ்வளவு ஆகும்?

கேள்வி: சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சம்பளம் 38,000 ரூபாய். பர்சனல் லோன் தவணை, வாடகை, மற்ற செலவெல்லாம் போக மாதம் 4,000 மிஞ்சும். அவசரத் தேவைக்கு ஒரு லட்சம் வங்கியில் இருக்கிறது. விலங்குகள் காப்பகத்தில் பார்த்த ஒரு குட்டிப் பூனையை எடுத்து வளர்க்கலாம் என்கிறாள் மகள். இலவசமாகவே தருகிறார்கள். எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

பதில்: கட்டுப்படியாகும். ஆனால் இந்த மாதமே வேண்டாம், மூன்று மாதம் பொறுங்கள்.

நாலு கிலோ எடையுள்ள பூனை மாதம் ஏறக்குறைய இரண்டு கிலோ உலர் உணவு சாப்பிடும். நடுத்தர விலையில் வாங்கினால் 800 முதல் 1,000 ரூபாய். கழிவுத் தட்டுக்கான மணலுக்கு 600. தடுப்பூசியையும் பூச்சி மருந்தையும் மாதக் கணக்கில் பிரித்துப் போட்டால் மொத்தம் 2,000 என்று வைத்துக்கொள்ளலாம். பால்சோறு போட்டே வளர்த்துவிடலாம் என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். கேட்காதீர்கள். இறைச்சியில் இருக்கும் டாரின் சத்து கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும்.

எனக்குக் கவலை மாதச் செலவைப் பற்றி அல்ல, திடீர்ச் செலவைப் பற்றித்தான். ஆண் பூனைகளுக்குச் சிறுநீர் அடைப்பு வருவதுண்டு. ஓரிரு நாள் தாமதித்தாலும் உயிர் போய்விடும். தனியார் மருத்துவமனையில் சேர்த்தால் 10,000, 15,000 என்று பில் வரலாம். அந்த நேரத்தில் கிரெடிட் கார்டைத் தேய்த்து, பாக்கியை நிலுவையில் விட்டால் மாதம் மூன்றரை சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 சதவீத வட்டி. பணமில்லாமல் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது அதைவிடக் கொடுமை. அதனால் பூனைக்கென்றே 20,000 ரூபாய் தனியாக இருக்கட்டும். அந்த ஒரு லட்சத்தைத் தொட வேண்டாம், அது குடும்பத்துக்கு.

மிஞ்சும் 4,000-ஐ மூன்று மாதம் சேருங்கள். அந்த 12,000-இல் கூண்டு, தட்டு, ஜன்னல் வலைக்கு 4,000 எடுத்துக்கொள்ளுங்கள். மாடி வீடென்றால் வலை கட்டாயம். பூனை வந்த பிறகு மாதம் 2,000 அதன் செலவுக்கு, 2,000 சேமிப்புக்கு. ஆறே மாதத்தில் 20,000 நிறைந்துவிடும்.

மகளிடம் இன்னொன்றும் பேசிப் பாருங்கள். குட்டிக்குப் பதில், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த வளர்ந்த பூனையை எடுக்கலாமே. முதல் வருடத்தில் சில ஆயிரங்கள் மிச்சம். குட்டிகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், வளர்ந்தவை காத்துக்கிடக்கின்றன. தடுப்பூசி அட்டையை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அடுத்தடுத்த ஊசிகளுக்கும் வழக்கமான பரிசோதனைக்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். காத்திருக்க நேரும், ஆனால் கட்டணம் மிகக் குறைவு.

கடைசியாக, வீட்டு உரிமையாளர். குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளுக்குத் தடை போடக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் அறிவுறுத்தியிருக்கிறது. வாடகை ஒப்பந்தம் வேறு விஷயம். பூனைக்காக வீடு மாற நேர்ந்தால் அட்வான்ஸ், லாரி வாடகை என்று போட்ட கணக்கெல்லாம் குலைந்துவிடும். உரிமையாளரின் சம்மதத்தை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தை போதாது.