முற்றா, எச்சமா? முப்புள்ளி பற்றிக் கேட்டவர்களுக்கு

பாடசாலை மலர், கோயில் மலர், கல்வெட்டு (இறந்தவர் நினைவாக முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் மலர்) என்று வன்னியில் அச்சுக்குப் போகிறவற்றுக்கு மெய்ப்புப் பார்க்கிறவன் நான். முப்புள்ளி, அதாவது விடுபட்டதையோ குரல் அடங்குவதையோ காட்டும் மூன்று புள்ளி (...) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்:

வசன முடிவில் மூன்று புள்ளியா, நான்கா ஐயா? (ஆசிரியை, கிளிநொச்சி)

கடைசிச் சொல்லைப் பாருங்கள் ரீச்சர். தமிழில் வினை கடைசியில் வருவதால் வேலை லேசு. "இரவு முழுக்க மழை பெய்து..." எச்சத்தில் நிற்கிறது, மூன்று போதும். "இரணைமடுக் குளம் வான் பாய்ந்தது...." என்றால் முற்று வந்துவிட்டது. முதற் புள்ளி முற்றுப்புள்ளி, மற்ற மூன்றும் அதற்குப் பிறகு விடுபட்டதைக் காட்டுபவை. ஆனால் இந்த நான்கு, மேற்கோளில் எதையாவது விட்டால்தான். கதையில் ஒருவர் குரல் இழுபட்டு அடங்கும் இடத்தில், முற்றாக இருந்தாலும் நான் மூன்றோடு விட்டுவிடுவேன். அதையும் நான்காக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சரி, எதை எடுத்தாலும் மலர் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும்.

கேள்விக்குறி முன்னாலா, பின்னாலா? (முள்ளியவளை)

பின்னால். "எப்ப வருவாய்...?" முற்றுப்புள்ளி வேண்டாம், கேள்விக்குறியின் காலடியிலேயே ஒன்று கிடக்கிறது.

பழைய ஏடுகளில் இதெல்லாம் இல்லையே அண்ணை? (மாங்குளம்)

மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி குத்தமாட்டார்கள், ஓலை பழுதாகிவிடும். நிறுத்தக் குறிகள் அச்சோடு வந்தவை. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) அவற்றைத் தம் உரைநடையில் நிலைக்க வைத்தார்.

கல்வெட்டுக்கு எழுதித் தருகிறவர்கள் புள்ளியை அள்ளிக் கொட்டுகிறார்கள். வெட்டலாமா? (ஒட்டுசுட்டான்)

முப்பத்தோராம் நாளுக்கு வந்த ஒரு தாளில் "அப்பா" என்ற சொல்லுக்குப் பின்னால் பதினொரு புள்ளி எண்ணினேன். எட்டைச் சுழித்து வெட்டி, ஓரத்தில் 3 என்று எழுதினேன். மாலை மகள் அழைத்தார். "ஐயா, அது நான் வேணுமெண்டு போட்டது." திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். வாழ்க்கை வரலாற்றுப் பகுதியில் வெட்டுங்கள். புலம்பல் பகுதியில் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

வேட்டில் (Microsoft Word) எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாதா? (தட்டச்சு செய்யும் தம்பி, வவுனியா)

முடியும் தம்பி, ஆனால் கவனம். மூன்று புள்ளி தட்டினால் வேட் அதை ஒரே எழுத்தாக ஒட்டிவிடும். நான்காவது தனியே தள்ளி நிற்கும். ஒட்டியதும் தனியானதும் ஒரே பக்கத்தில் கலந்தால் இடைவெளி கோணலாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரு வகைக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒருமுறை ஒரு பாடசாலை மலரில் நாலும் அதற்கு மேலும் வந்த புள்ளிகளையெல்லாம் மூன்றாக்கும்படி ஒரேயடியாகக் கட்டளை கொடுத்தேன். பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே கையால் தட்டியிருந்த புள்ளி வரிசையும் சுருங்கி, எண்கள் எல்லாம் தலைப்போடு வந்து ஒட்டிக்கொண்டன. பொருளடக்கத்தை முதலில் வேறு கோப்பில் எடுத்து வையுங்கள்.