மான் வேட்டைக்கு எந்த கேமோ உடை? டிசைனைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி: முதல் முறையாக மான் வேட்டைக்குப் போகிறேன். உரிமம் எடுத்தாகிவிட்டது, கூட வருபவர்கள் அனுபவசாலிகள். ஆனால் காட்டோடு கலந்து ஆளை மறைக்கும் கேமோ உடை வாங்கப் போனால் தலை சுற்றுகிறது. இலை, மரப்பட்டை, கட்டம் கட்டமாக டிஜிட்டல் என்று எத்தனையோ டிசைன், விலையும் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. எதை வாங்குவது? மேலே ஆரஞ்சு உடுப்பும் போடவேண்டும் என்கிறார்கள், அப்புறம் கேமோ எதற்கு?

பதில்: கடையில் தொங்கும் அந்தத் துணியைப் பார்த்து அசந்துபோவது உங்கள் கண். மானின் கண் வேறு மாதிரி. இலைகூடத் தத்ரூபமாக இருக்கிறதே என்று நாம் வாங்குகிற பல டிசைன்கள் வாங்குபவரை மயக்கத்தான் அதிகம் உதவுகின்றன. அதனால் மானுக்கு என்ன தெரியும் என்பதிலிருந்தே ஆரம்பிப்போம், உங்கள் குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் 3 வகை. மானுக்கு 2 வகைதான். வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானின் கண்ணை அளந்து பார்த்ததில், ஒரு வகை செல் 450 முதல் 460 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியிலும், இன்னொன்று 540 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியிலும் அதிகமாக வேலை செய்கின்றன. சிவப்புக்கென்று தனி செல் கிடையாது. ஆகவே நமக்குக் கண்ணைக் கூசவைக்கும் ஆரஞ்சு, மானுக்கு மங்கிய மஞ்சளோ பழுப்போ மாதிரிதான் தெரியும், சுற்றியிருக்கும் செடிகொடிகளிலிருந்து அதைத் தனியாகப் பிரிப்பது அதற்குக் கஷ்டம். நீலம் அப்படியில்லை. அது மானுக்கு நன்றாகவே தெரியும், அதுவும் விடியற்காலை மங்கலிலும் அந்தி வெளிச்சத்திலும் நம்மைவிடத் தெளிவாக. ஆக, காட்டுக்குள் போடக்கூடாத துணி எது என்று கேட்டால் சாதாரண நீல ஜீன்ஸ்தான். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஜாக்கெட் வாங்கிவிட்டு கீழே ஜீன்ஸோடு வந்து நிற்பவர்களுக்கு நான் என்ன சொல்ல!

ஆரஞ்சு பற்றிக் கேட்டீர்கள். அது மானுக்காக அல்ல, பக்கத்துப் புதரில் துப்பாக்கியோடு இருக்கும் இன்னொரு மனிதருக்காக. வட அமெரிக்காவில் பல மாநிலங்களில் துப்பாக்கி சீசனில் ஆரஞ்சு கட்டாயம். விஸ்கான்சின் 2016-ல் பளீர் இளஞ்சிவப்பையும் அனுமதித்தது. எவ்வளவு பரப்புக்கு ஆரஞ்சு தெரியவேண்டும், தொப்பியும் அதில் சேர்த்தியா, கேமோ அச்சு போட்ட ஆரஞ்சு செல்லுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் அச்சு போட்ட ஆரஞ்சு செல்லாது. உங்கள் உரிமத்தோடு வரும் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒன்று மட்டும், சரசரவென்று சத்தம் போடும் மலிவான பிளாஸ்டிக் உடுப்பு வேண்டாம், மென்மையான துணியில் தைத்த ஆரஞ்சு கிடைக்கும்.

இதில் பலரும் கோட்டை விடுவது சலவையில். துணியை வெள்ளை வெளேரென்று காட்ட பெரும்பாலான சலவைத்தூள்களில் ஒளிர்வூட்டும் ரசாயனம் சேர்க்கிறார்கள். அது புற ஊதாக் கதிரை உள்வாங்கி நீல ஒளியாக வெளியே விடும். மானின் நீலக் கூம்பு செல் காத்திருப்பது அந்த ஒளிக்குத்தான். போதாததற்கு மானின் கண் வில்லை புற ஊதாக் கதிரை நம்முடையதைப்போல வடிகட்டுவதும் இல்லை. சோதித்துப் பார்க்க ஒரு சின்ன புற ஊதா டார்ச் போதும். இருட்டறையில் துணியின் மேல் அடியுங்கள், காலரும் தையல் நூலும் நீலவெள்ளையாக ஜொலித்தால் அந்தச் சட்டை காட்டுக்கு ஆகாது. புதுத் துணியிலேயே சிலசமயம் இது இருக்கும், கடையிலேயே பார்த்துவிடலாம். ஒளிர்வூட்டியும் வாசனையும் இல்லாத சோப்பில் மட்டும் துவையுங்கள்.

சரி, டிசைனுக்கு வருவோம். மானின் பார்வைக் கூர்மை நம்முடையதைவிடக் குறைவு. துணியில் அச்சடித்த ஒவ்வொரு இலை நரம்பையும் அது உட்கார்ந்து ஆராயப்போவதில்லை. அதன் கண்ணில் படுவது உருவத்தின் வெளிக்கோடும் வெளிச்ச வேறுபாடும் அசைவும்தான். டிசைன் எல்லாம் பொடிப்பொடியாக, ஒரே அளவு கருமையில் இருந்தால் கொஞ்ச தூரம் தள்ளிப் போனதுமே எல்லாம் ஒன்றாகக் குழைந்து, ஒரு கரிய மனித உருவமாகிவிடும். பெரிய பெரிய திட்டுகளாக, வெளிறியதும் கருத்ததும் மாறிமாறி வருகிற டிசைன்தான் தோளையும் தலையையும் துண்டு துண்டாக உடைத்துக் காட்டும். கையளவு பெரிய திட்டுகள், அவற்றுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் என்று இரண்டும் கலந்தது கிடைத்தால் நல்லது. ரியல்ட்ரீ, மாஸ்ஸி ஓக் என்ற கேமோ பிராண்டுகள் இரண்டும் 1986-ல் தொடங்கி, மரப்பட்டையையும் இலையையும் துணியில் கொண்டுவந்தவை. பிற்பாடு வந்த ஆப்டிஃபேட் மாதிரியானவை, இலையை வரைவதை விட்டுவிட்டு விலங்கின் பார்வையைக் கணக்கில் எடுத்து உருவாக்கப்பட்டவை. எந்தப் பெயர் என்பதைவிட உங்கள் இடத்தில் அது எப்படித் தெரிகிறது என்பதுதான் முக்கியம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அந்த உடையில் உங்களை நிற்கவைத்து முப்பது நாற்பது தப்படி தள்ளியிருந்து நண்பரை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், கைப்பேசியில் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். மான் கறுப்பு வெள்ளையில் பார்ப்பதில்லை, ஆனாலும் வெளிச்ச வேறுபாடு இதில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நீங்கள் பின்னணியைவிட ஒரேயடியாகக் கருப்பாகத் தெரிந்தால் இன்னும் வெளிறிய டிசைன் தேவை. புதியவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் இருண்டதைத்தான் வாங்குகிறார்கள். மழையில் நனைந்தால் அது இன்னும் கருக்கும்.

எங்கே உட்காரப்போகிறீர்கள்? தரையில் என்றால் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து, நிழலில் உட்காருங்கள், பழுப்பும் சாம்பலும் கலந்த சாதாரண உடையே போதும். மரத்தில் பரண் கட்டி உட்காருவதானால் உங்கள் பின்னணி வானம். இலை உதிர்ந்த பிறகு அங்கே கரும்பச்சை ஜாக்கெட்டோடு உட்கார்ந்தால் தேன்கூடு தொங்குவதைப்போலத் தெரிவீர்கள். வெளிறிய சாம்பல் நிறமும் இடைவெளி விட்ட கிளை டிசைனும் அங்கே பொருந்தும். பரணில் பாதுகாப்புப் பட்டை கட்டாயம், கனமான ஜாக்கெட்டின் மேலேயே அது இறுக்காமல் பொருந்துகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பெல்லாம் மூடிவிட்டு முகத்தையும் கையையும் விட்டுவிடாதீர்கள். அதிகம் அசைவதும் வெயிலில் மினுங்குவதும் அந்த இரண்டும்தான். மெல்லிய முகமூடியும் கையுறையும் வாங்க அதிகச் செலவு இல்லை, என்னைக் கேட்டால் விலை உயர்ந்த ஜாக்கெட்டைவிட இவை இரண்டும் பயன் தரும். மானின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுமார் 300 டிகிரிக்கு அதற்குப் பார்வை கிடைக்கிறது, நீங்கள் பக்கவாட்டில் இருக்கிறீர்கள் என்று மூக்கைச் சொறிந்தால் போயிற்று.

இனி யாரும் கடையில் சோதிக்காத விஷயம், சத்தம். துணியை காதருகே கொண்டுபோய் நகத்தால் ஒருமுறை சுரண்டுங்கள். மழைக்கோட்டு மாதிரியான வழவழத் துணி ‘சர்ர்’ என்று கேட்கும், ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணியிலும் கம்பளியிலும் கிட்டத்தட்ட எதுவும் கேட்காது. இரண்டு கைகளையும் விலாவில் உரசியபடி வீசுங்கள், பேன்ட் போட்டு நாலு அடி நடந்து தொடைகள் உரசும் சத்தத்தைக் கேளுங்கள். பாக்கெட்டில் வெல்க்ரோ இருந்தால் யோசியுங்கள், அமைதியான காட்டில் அதைப் பிய்க்கிற சத்தம் ரொம்ப தூரம் போகும். பொத்தானோ காந்தமோ மேல். ஜிப்பின் இழுப்பானில் உலோகம் தொங்கினால் கழற்றிவிட்டு ஒரு துண்டு நூல்கயிறு கட்டிவிடலாம்.

குளிருக்கு ஒரே தடிமனான கோட்டு வேண்டாம், அடுக்கடுக்காகப் போடுங்கள். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது வியர்வையை வெளியே கடத்தும் செயற்கை இழை, நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றைத் தடுப்பது. உள்ளே பருத்தி பனியன் கூடாது, நடந்து போகும்போது வியர்வையில் ஊறி, உட்கார்ந்ததும் ஐஸ் கட்டியாகிவிடும். குளிரில் நடுங்குபவரால் அசையாமல் இருக்க முடியாது. நான் டிசைனைவிட இதற்குப் பணம் போடச் சொல்வது அதனால்தான். வெளியே தெரியாத உள்ளடுக்குகளுக்கு கேமோ அச்சு அநாவசியம், மங்கிய பழுப்பில் வாங்கினால் விலை குறையும்.

உடம்பு வாசனையை அடக்கும், கார்பன் கரி சேர்த்த துணி என்று கூடுதல் விலையில் விற்பார்கள். அதை நம்பி மானின் மோப்பத்தை ஏமாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள், காற்று உங்களிடமிருந்து மான் பக்கம் வீசினால் எந்தத் துணியும் காப்பாற்றாது. மலைச்சரிவில் பொதுவாகக் காலை வெயில் ஏறியதும் காற்று மேல்நோக்கியும், மாலையில் கீழ்நோக்கியும் நகரும், அதற்குத் தக்கபடி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். உடையை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு பெட்ரோல் பங்கிலும் சாப்பாட்டுக் கடையிலும் இறங்கி ஏறாமல், மூடிய பெட்டியில் எடுத்துப்போய் அங்கே மாற்றுங்கள்.

வில் வேட்டை என்றால் இன்னும் ஒன்று: முழங்கைக்குக் கீழே சட்டைக் கை தொளதொளவென்று இருந்தால் நாண் அதில் அடிக்கும், நாணைக் கன்னத்தில் பதிக்கும்போது முகமூடித் துணி இடையில் மாட்டும். கையோடு ஒட்டிய சட்டையும் இறுக்கமான முகமூடியும் பாருங்கள். எந்த ஆயுதமானாலும், வாங்கியதும் எல்லா அடுக்குகளையும் வீட்டில் போட்டு, வெறுங்கையோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து குறிபார்ப்பதுபோல இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள். தோள் இழுத்தாலோ முதுகு வெளியே தெரிந்தாலோ அடுத்த அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், விலைச்சீட்டைக் கிழிப்பதற்கு முன்னால்.