சுவருக்குள் பெட்டி, வெளியே மோட்டார் லைன்

கேள்வி: ஒடுகத்தூர் அருகே எங்கள் தென்னந்தோப்பில் ஓர் அறையும் திண்ணையுமாகச் சின்ன வீடு கட்டினோம். எலெக்ட்ரீஷியன் எனக்குத் தம்பி முறை. வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியைச் சுவரோடு சுவராக இருக்கும்படி பதிக்கச் சொன்னேன். நாலரை இஞ்சு சுவரில் காடி வெட்டிப் பதித்தார். மறுபுறம் பூச்சு விரிசல் விட்டுவிட்டது. மழை பெய்தால் பெட்டிக்குள் ஈரம் இறங்கி, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. கிரகப்பிரவேசத்தன்று உறவினர்கள் முன்னால் இருட்டில் நின்றோம். கேட்டால் "கொத்தனாரைக் கேள்" என்று ஏசுகிறார். பேசிய 55,000 ரூபாயில் 40,000 கொடுத்துவிட்டேன். வீட்டு இணைப்பு இன்னும் வாங்கவில்லை; ஏழு மாதமாகக் கிணற்று மோட்டாரிலிருந்துதான் லைன் எடுத்திருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

வழக்கறிஞர் பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். தம்பி முறை, ஏச்சு, இருட்டு எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். அவற்றுக்காக ஆணையம் பெரிதாக ஒன்றும் தந்துவிடாது. போகிற போக்கில் நீங்கள் எழுதிய மோட்டார் லைன்தான் இங்கே விஷயம்.

பெட்டியைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. காசு வாங்கிச் செய்த வேலையில் குறை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வேலூர் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. மூன்று இஞ்சு ஆழப் பெட்டியை நாலரை இஞ்சு சுவரில் இறக்கினால் பின்னால் என்ன மிஞ்சும்? பூச்சையும் சேர்த்து ஒன்றரை இஞ்சு. அதை டேப் வைத்தே காட்டிவிடலாம்.

ஆனால் பதிலுரையில் அவர் என்ன எழுதுவார் என்று யோசித்தீர்களா? "பெட்டியில் குறை இல்லை, விவசாய மோட்டார் லைனை வீட்டுக்கு இழுத்ததால்தான் விழுகிறது" என்பார். கூடவே ஸ்டார்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒயரின் படம் இருக்கும். ஆணையம் நிபுணரை அனுப்பினாலும், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.

குடியாத்தம் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர் என் பேச்சைக் கேட்காமல் இதே போலப் புகார் கொடுத்தார். நாற்பதாயிரம் கேட்டுப் போனவருக்கு மின்வாரிய ஆய்வும் அதன் பின்னாலேயே நோட்டீசும் வந்தன. இலவச விவசாய இணைப்பை வீட்டுக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் வருகிறது. உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு போடுவார்கள். எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள் என்று தெரியாவிட்டால் ஓராண்டுக்குக் கணக்கிடலாம். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான். அதற்கும் பாதித் தொகையை முதலில் கட்ட வேண்டும். சிவில் நீதிமன்றத்துக்குப் போக 145-ஆம் பிரிவு வழி விடாது. இந்த விதிப்பை எதிர்த்து நுகர்வோர் ஆணையத்திலும் புகார் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. வேண்டுமென்றே செய்தீர்கள் என்று அதிகாரி கருதினால் 135-ஆம் பிரிவு, அதாவது மின்திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறைக்கு அதில் இடமுண்டு. என் கட்சிக்காரர் அதுவரை போகவில்லை. ஆனால் பெட்டியை மறந்துவிட்டு அந்த நோட்டீசோடு அலைந்தார்.

அதனால் வழக்கு வேண்டாம், பேசி முடியுங்கள். நிறுத்தி வைத்திருக்கும் 15,000 ரூபாய்தான் உங்கள் பலம். ஒன்று, திண்ணைப் பக்கம் ஒன்பது இஞ்சு சுவர் இருந்தால் பெட்டியை அவர் செலவில் அங்கே மாற்றித் தரட்டும். இல்லையென்றால் அந்தப் பாக்கியை அவர் விட்டுவிடட்டும். எது முடிவானாலும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உறவுக்காரரிடம் எழுதி வாங்குவதா என்று கூச்சப்பட்டவர்கள்தான் மறுபடியும் என் அலுவலகத்துக்கு வருகிறார்கள்.

பேச்சு எப்படி முடியும் என்று தெரியாததால், இருக்கிற பெட்டியை உடைக்குமுன் விரிசல், ஆழம், சுவரின் கனம் மூன்றையும் டேப்போடு படம் எடுத்து வையுங்கள். வேறு ஓர் உரிமம் உள்ளவரிடம் எழுத்தில் கருத்தும் வாங்குங்கள். பலர் முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு என்னிடம் வருவார்கள். சிமெண்ட் பூசிய சுவரை வைத்து நான் எதை நிரூபிப்பது?

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றே மோட்டார் லைனைக் கழற்றிவிட்டு வீட்டு இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். வேலையை முடித்துச் சோதித்ததற்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் அறிக்கை அதற்குத் தேவை. உங்கள் தம்பி முறைக்காரருக்கு உரிமம் உண்டா என்று நான்கு பக்கத்தில் எங்கும் நீங்கள் எழுதவில்லை.