குடம் தூக்கியதாலா என் கரு கலைந்தது?

கேள்வி: எனக்கு வயது 29. விசுவமடுவில் வசிக்கிறேன். திருமணமாகி மூன்றாவது வருடத்தில் தங்கிய முதற்கரு, பத்தாவது வாரத்தில் கலைந்து ஐந்து வாரங்களாகின்றன. வைத்தியசாலையில் கருப்பையைச் சுத்தம் செய்து மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கரு கலைவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், காலபோக விதைப்பு என்பதால் வயலுக்குச் சைக்கிளில் போய்வந்தேன். கிணற்றடியிலிருந்து குடமும் தூக்கினேன். அதுதான் காரணம் என்கிறார் மாமி. தானும் இடப்பெயர்வுக் காலத்தில் ஒரு கருவை இழந்ததாகவும், அப்போது இருந்து அழுவதற்கு நேரமிருக்கவில்லை என்றும் சொல்கிறார். கணவர் இதைப் பற்றிக் கதைப்பதே இல்லை. எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடுகிறேன். கிளினிக் அட்டையைப் பார்க்கவும் முடியவில்லை, எறியவும் மனமில்லை. இனி எப்போது பிள்ளைக்கு எதிர்பார்க்கலாம்?

— வாசகி, விசுவமடு

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

குடம் தூக்கியதால் உங்கள் கரு கலையவில்லை. சைக்கிளில் போனதாலும் கலையவில்லை. உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை இடையில் கலைந்துவிடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள்ளேயே கலைகின்றன. அவ்வாறு ஆரம்பத்தில் கலைபவற்றில் ஏறத்தாழ அரைவாசிக்கு, கருக்கட்டும் வேளையிலேயே நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்களின்) எண்ணிக்கை பிசகிவிடுவதுதான் காரணம். கருவின் வளர்ச்சி நின்று பல நாட்கள், சிலவேளை ஓரிரு வாரங்கள் கழிந்த பின்னரே இரத்தம் படத் தொடங்குவதும் உண்டு. ஆகவே, அன்று காலையில் நீங்கள் குடத்தை இடுப்பில் ஏற்றியபோது அந்தக் கரு ஏற்கெனவே வளர்ச்சி நின்றதாக இருந்திருக்கலாம். பப்பாசி, அன்னாசி, திடுக்கிட்டுப் பயந்தது என்று வேறு எவராவது காரணம் சொன்னாலும், சாதாரணமாகச் சாப்பிட்ட ஒரு துண்டுப் பழமோ ஒரு கணப் பயமோ கருவைக் கலைத்துவிடாது.

மாமியிடம் கோபம் வருவது இயல்பு. ஆயினும், வன்னியில் மலேரியா பரவியிருந்த காலத்தை அவர் கண்டிருப்பார். அந்தக் காய்ச்சல் கர்ப்பிணியைப் பிடித்தால் கருவையும் கொண்டுபோகும் அபாயம் மெய்யாகவே இருந்தது. 2016 செப்ரெம்பரில்தான் இலங்கை மலேரியா அற்ற நாடு எனச் சான்று பெற்றது. அத்தகைய பயத்தோடு வாழ்ந்த தலைமுறைக்கு, ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் அடுத்த பிள்ளையையாவது காப்பாற்றலாம் என்ற எண்ணம் இருந்திருக்கும். “இருந்து அழுவதற்கு நேரமிருக்கவில்லை” என்ற சொற்களை அவர் உங்களைக் கண்டிக்கச் சொல்லியிருக்கலாம். எனக்கோ அதில் அவருடைய ஆறாத துக்கமே கேட்கிறது. ஒரு நாள் அந்தக் கருவைப் பற்றி அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இறந்தவர்களுக்கு எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்து ஊர்கூடித் துக்கம் விசாரிக்கும் எங்கள் வழக்கத்தில், பிறவாத கருவுக்கென்று எதுவுமில்லை. அதனால் வீட்டில் எல்லோரும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உங்கள் கணவரின் மௌனத்தையும் நான் அவ்வாறே விளங்கிக்கொள்கிறேன். “எனக்கு அந்தப் பிள்ளையின் நினைவு வருகிறது, உங்களுக்கும் வருகிறதா?” என்று நீங்களே கேட்டால் அவருக்கும் வாய் திறக்கும். துக்கத்துக்குத் தவணை கிடையாது. ஆனால் நித்திரையும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

உடலைப் பொறுத்தவரை, மாதவிடாய் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் திரும்பும். காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெளியேற்றம், மணிக்கு இரண்டு துவாய் நனையும் அளவு இரத்தப்போக்கு, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். வாகனம் இல்லையெனில் 1990 இலவச அம்புலன்ஸ் இருக்கிறது. உங்கள் இரத்த வகையை நீங்கள் எழுதவில்லை. அது நெகற்றிவ் எனில், அடுத்த கருவின் இரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் செயற்படாமல் தடுக்கும் அன்ரி-டி ஊசி போடப்பட்டதா என்று, வைத்தியசாலையிலிருந்து அனுப்பும்போது தந்த அட்டையில் பாருங்கள். கரு கலைந்து 72 மணித்தியாலத்துக்குள் போடவேண்டிய ஊசி அது என்பதால், தவறியிருந்தால் அடுத்த கர்ப்பத்துக்கு முன்னரே வைத்தியருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஆறு மாதம் பொறுக்கவேண்டும் என்று முன்னர் சொல்லப்பட்டது. அதற்கு முன்னர் கருத்தரிப்பதால் கெடுதல் இல்லை என்பதையே பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இரத்தம் முற்றாக நின்று ஒரு மாதவிடாய் வந்து போனால் திகதி கணிக்க இலகுவாக இருக்கும். அதன் பிறகு உங்கள் இருவரின் மனமும் இசையும்போது முயலலாம். ஒரு முறை கலைந்தவர்களில் பெரும்பாலானோர் அடுத்த பிள்ளையை நிறைமாதத்தில் பெறுகிறார்கள், ஆகையால் இப்போதைக்கு விசேட பரிசோதனைகள் வேண்டியதில்லை.

கிளினிக் அட்டையை எறியவேண்டாம். அது உங்கள் முதற்பிள்ளையின் திகதி எழுதப்பட்ட ஒரே தாள். சேலை மடிப்புக்குள் வைத்திருந்தாலும் தவறில்லை. குடும்பநல மாதுவின் ஸ்கூட்டர் அடுத்த முறை ஒழுங்கையில் திரும்பும்போது வெளியே வாருங்கள். நடந்ததைச் சொல்லி, போலிக் அமில மாத்திரையை இப்போதிருந்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.