டெக்குக்குக் கீழே ஸ்கங்க்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பின்வளவு டெக்குக்கு (வீட்டோடு ஒட்டிய மரத்தளம்) கீழே ஒரு ஸ்கங்க் (மிரண்டால் நாற்றத் திரவம் பீச்சும் கறுப்பு வெள்ளைக் காட்டு விலங்கு) குடிவந்துவிட்டது. இருட்டியதும் வெளியே வந்து விடியமுன் திரும்பிப் போகிறது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். கூண்டு வைத்துப் பிடித்து, தூரத்தில் ஏதாவது காட்டில் கொண்டுபோய் விடலாமா? இது மே மாதம். கோடைக்கு முன் முடிக்க விரும்புகிறோம்.
— வாசகி, ஸ்காபரோ

பதில்: வேண்டாம். மே மாதத்தில் நிச்சயமாக வேண்டாம். ஸ்கங்க் பெப்ரவரி, மார்ச்சில் இணைசேர்ந்து மே, யூனில் குட்டி போடும். ஒரு ஈற்றில் நாலு முதல் ஆறு குட்டிகள் வரை இருப்பது சாதாரணம். அவை கண் திறக்கவே மூன்று வாரம் ஆகும். தாயைப் பிடித்துக்கொண்டு போனால் அத்தனை குட்டிகளும் உங்கள் கால்களுக்குக் கீழே பட்டினி கிடந்து சாகும். பிறகு அவற்றை எடுக்க டெக்கின் பலகைகளைக் கழற்ற வேண்டிவரும்.

சட்டமும் இதற்கு இடம் தராது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உயிரோடு பிடித்த காட்டு விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீற்றருக்குள் விட்டுவிட வேண்டும். நோய் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவக்கூடாது என்பது ஒரு காரணம். தெரியாத இடத்தில் விட்ட விலங்கு இரையும் பொந்தும் தெரியாமல் அலைந்து சாகும் என்பது இன்னொன்று. 1 கிலோமீற்றருக்குள் விட்டால் அது திரும்பி வந்துவிடும். வராவிட்டாலும் பொந்து திறந்தே கிடப்பதால் அடுத்த ஸ்கங்க் வரும். ஆகவே பிடிப்பதில் பயன் இல்லை. அதைத் தானாகப் போகவிட்டு, போன பிறகு வழியை அடைப்பதுதான் நிலைக்கும் வேலை.

குட்டிகள் ஏழெட்டு வாரத்தில் தாயின் பின்னால் வரிசையாக நடந்து இரை தேடப் பழகும். இரவில் அந்த வரிசை வெளியே போவதை யூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ நீங்களே பார்க்கலாம். அடைப்பதற்கு ஏற்ற காலம் அதுதான். பல தாய்கள் அதற்கு முன்பே குட்டிகளோடு வேறிடம் போய்விடுவதும் உண்டு.

அதுவரை பிள்ளைகளைப் பகலில் விளையாட விடலாம். டெக்குக்கு அடியில் கை நீட்டவோ தடியால் குத்தவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். ஸ்கங்குக்குக் கண்பார்வை குறைவு. திடீரென்று எதிரே நிற்பவரைக் கண்டுதான் மிரளும். இருட்டில் பின்கதவைத் திறக்குமுன் விளக்கைப் போடுங்கள், ஏதாவது பேசிக்கொண்டே இறங்குங்கள். அது எடுத்த எடுப்பில் பீச்சாது. முன்கால்களால் நிலத்தைத் தட்டும், சீறும், வாலை உயர்த்தும். கடைசியாக, முகமும் பின்புறமும் உங்களைப் பார்க்கும்படி உடலை வளைக்கும். காலைத் தட்டும்போதே மெதுவாகப் பின்வாங்கினால் ஒன்றும் நடக்காது. 3 மீற்றர் தூரத்துக்குக் குறிதவறாமல் பீச்சும். சுரப்பி காலியானால் மறுபடி நிரம்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், அது அதை வீணாக்க விரும்புவதில்லை.

காத்திருக்கவே முடியாது என்றால், பொந்தை நோக்கி ஒரு விளக்கையும், டெக்கின் மேல் பேச்சு ஒலிபரப்பாகும் வானொலி ஒன்றையும் பகல் முழுவதும் வையுங்கள். உறக்கம் கெட்டால் தாய் குட்டிகளைக் கவ்வி வேறிடத்துக்குக் கொண்டுபோகக்கூடும். சில நாள் பிடிக்கும். அமோனியா நனைத்த துணியையும் பூச்சி உருண்டைகளையும் மட்டும் போடாதீர்கள். தப்பி ஓட முடியாத குட்டிகளின் கண்ணையும் நுரையீரலையும் அந்தப் புகை எரிக்கும், வீட்டுக்குள்ளும் ஏறும்.

கேள்வி: போன வருடம் டெக்கைச் சுற்றிக் கோழிக்கூட்டு வலை அடித்தோம். அடியால் தோண்டிக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டது. எங்கே பிழை விட்டோம்?
— வாசகர், மார்க்கம்

பதில்: இரண்டு பிழைகள். கோழிக்கூட்டு வலை மெல்லியது. மண்ணுக்குள் இருந்தால் சில வருடங்களில் துருப்பிடித்து உக்கிவிடும். அதைவிடப் பெரிய பிழை, வலை நிலமட்டத்தோடு நின்றது. ஸ்கங்கின் முன்கால் நகங்கள் தோண்டுவதற்கென்றே அமைந்தவை. சுவரில் முட்டியதும் அந்த இடத்திலேயே நேர்கீழே தோண்டும். பின்னால் நகர்ந்து தூரத்திலிருந்து தோண்டத் தெரியாது. அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் வலையை வெளிப்பக்கமாக மடிக்கிறோம்.

வாங்க வேண்டியது நாகம் (சிங்க்) பூசிய, பற்றவைத்த சதுரக் கண் கம்பிவலை. கண் அரை அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் இடையில், கம்பித் தடிப்பு 16 கேஜ். 36 அங்குல அகலச் சுருள் எடுங்கள். டெக்கின் மரத்தில் 30 சென்ரிமீற்றர், மண்ணுக்குள் 30, அங்கிருந்து வெளிப்பக்கமாகக் கிடையாக 30 என்று கணக்குச் சரியாக வரும். மடிப்பு உள்பக்கம் போனால் உழைப்பெல்லாம் வீண். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஸ்டேப்பிள் பின் அடிக்காதீர்கள், ஸ்கங்க் இழுத்தே பிடுங்கிவிடும். அகன்ற வாஷர் போட்டு ஒன்றரை அங்குலத் திருகாணியை 15 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக முடுக்குங்கள். இரண்டு துண்டு வலை சேரும் இடத்தில் 15 சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும்.

மண்வெட்டியைத் தொடுமுன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்குச் சொல்லுங்கள். எரிவாயு, மின் கம்பிகள் போகும் இடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். 30 சென்ரிமீற்றர்தானே என்று விடக்கூடாது, சட்டப்படி கட்டாயம். ஐந்து வேலை நாளாவது முன்கூட்டிக் கேளுங்கள்.

இனி, உள்ளே எந்த விலங்கையும் வைத்து மூடாமல் இருப்பது எப்படி என்பது. முதலில் எல்லா ஓட்டைகளையும் தேடுங்கள். 10 சென்ரிமீற்றர் அகலம் இருந்தாலே ஸ்கங்க் நுழைந்துவிடும். ஒவ்வொன்றிலும் பத்திரிகைத் தாளைக் கசக்கித் தளர்வாகச் செருகுங்கள். காலையில் எது தள்ளப்பட்டிருக்கிறதோ அதுதான் அதன் வாசல். வாசலில் கொஞ்சம் மா தூவினால் யார் குடியிருக்கிறார் என்றும் தெரியும். ஐந்து விரலும் முன்னால் நீண்ட நகக்கோடுகளும் இருந்தால் ஸ்கங்க். குழந்தையின் கைபோல் நீண்ட விரல்கள் பதிந்திருந்தால் ரக்கூன். நாலு விரல், நகம் தெரியவில்லை என்றால் பூனை.

மற்ற ஓட்டைகளை வலையால் மூடிவிட்டு, வாசலில் மட்டும் ஒருவழிக் கதவு வையுங்கள். ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் பெரிதான வலைத்துண்டை மேல்விளிம்பில் கீல் போட்டு, வெளிப்பக்கம் மட்டும் திறக்கும்படி தொங்கவிட்டால் போதும். அடியில் ஒரு தட்டையான கல்லைப் பதியுங்கள். மண்ணோ புல்லோ சேர்ந்து கதவு சிக்காது, திரும்பி வரும் ஸ்கங்க் அடியால் தோண்டவும் முடியாது. மூன்று நல்ல இரவுகள் விடுங்கள்; கனமழை இரவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அன்று அது வெளியே வராமல் இருக்கலாம். பிறகு கதவைக் கழற்றி மறுபடி தாளைச் செருகுங்கள். இன்னும் மூன்று இரவு தாள் அசையாமல் இருந்தால்தான் கடைசி ஓட்டையை மூடலாம்.

மே முதல் யூலை நடு வரை இந்தக் கதவு வேண்டாம். தாய் வெளியிலும் கதவைத் தள்ளத் தெரியாத குட்டிகள் உள்ளேயும் மாட்டிக்கொள்ளும். கடும்பனிக் காலத்திலும் வேண்டாம். அப்போது ஸ்கங்க் பல நாட்கள், சிலவேளை வாரக்கணக்கில், வெளியே வராமல் சுருண்டு கிடக்கும். தாள் அசையவில்லை என்பதை வைத்துப் பொந்து காலி என்று நம்ப முடியாது.

கேள்வி: நாயின் முகத்தில் ஸ்கங்க் பீச்சிவிட்டது. தக்காளிச் சாற்றில் குளிப்பாட்டினோம். போய்விட்டது போலிருந்தது, மழையில் நனைந்ததும் திரும்ப நாறுகிறது.
— வாசகி, ஏஜாக்ஸ்

பதில்: தக்காளி எதையும் போக்காது. ஸ்கங்க் மணத்துக்கு உங்கள் மூக்கு களைத்துப்போய், தக்காளி மணம் மட்டும் தெரிந்திருக்கும். நாற்றத்துக்குக் காரணம் தயோல் எனும் கந்தகச் சேர்மங்கள். அவற்றோடு இருக்கும் தயோஅசிற்றேற்றுகள் தண்ணீர் பட்டதும் மெல்ல மெல்லத் தயோலாக மாறும். மழையில் திரும்பி வந்தது அதுதான்.

அமெரிக்க வேதியியலாளர் போல் கிரெபோம் 1993இல் வெளியிட்ட கலவை இன்றைக்கும் இதற்குச் சிறந்தது. மருந்துக்கடையில் விற்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் 1 லீற்றர், அப்பச்சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவ சோப் ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி. பேக்கிங் பவுடர் அப்பச்சோடாவுக்குப் பதிலாகாது. தலைமயிருக்குச் சாயம் போடும் கடுமையான பெரொக்சைட் தோலைச் சுடும். சோப் எண்ணெய்ப்பிசுக்கைக் கிளப்ப, மற்ற இரண்டும் தயோலை மணமற்ற பொருளாக மாற்றும்.

திறந்த வாளியில், பயன்படுத்தும் நேரத்தில் கலக்குங்கள். நாயை முன்கூட்டி நனைக்காமல், கையுறையோடு மயிரின் அடிவரை தேய்த்து 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். முகத்துக்குப் பஞ்சால் ஒற்றுங்கள், கண்ணில் படக்கூடாது. மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். போத்தலில் மூடி வைத்தால் உள்ளே ஒட்சிசன் சேர்ந்து வெடிக்கும். கறுப்பு மயிர் கொஞ்சம் வெளிறலாம். கண் சிவந்து திறக்க முடியாமல் இருந்தாலோ, நாய் சோர்ந்து ஈறு வெளிறினாலோ மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: பேஸ்மென்ட் யன்னலுக்கு வெளியே உள்ள குழியில் ஒரு ஸ்கங்க் விழுந்து கிடக்கிறது. தூக்கி விடலாமா?
— வாசகர், மிசிசாகா

பதில்: தூக்க வேண்டாம். ஸ்கங்குக்குச் செங்குத்தாக ஏற வராது, சரிவு கொடுத்தால் தானாக வந்துவிடும். 30 சென்ரிமீற்றர் அகலமான பலகையில் பழைய துவாயைச் சுற்றிக் கட்டுங்கள், வெறும் பலகை வழுக்கும். சரிவு 45 பாகைக்குக் குறைவாக இருக்க நீளமான பலகையாக எடுங்கள். மெதுவாகப் பேசிக்கொண்டே கிட்டப் போய் இறக்குங்கள். காலைத் தட்டினால் நின்று, அடங்கியதும் தொடருங்கள். யன்னலை உள்ளே பூட்டி, நாயை வீட்டுக்குள் வைத்து, இரவு முழுவதும் அந்தப் பக்கம் போகாதிருங்கள். விடிந்தும் கிடந்தால் நகரசபையின் விலங்குப் பிரிவை அழையுங்கள். பிறகு குழிக்கு மூடி போடுங்கள். கீழே யாராவது வாடகைக்கு இருந்தால், நெருப்பு நேரத்தில் கருவி எதுவும் இல்லாமல் உள்ளிருந்து தள்ளித் திறக்கக்கூடிய மூடியாக அது இருக்கவேண்டும்.

கேள்வி: புற்தரை முழுவதும் சின்னச் சின்னக் கிடங்குகள். சனிக்கிழமைகளில் காகத்துக்கு வைக்கும் சோறுதான் ஸ்கங்கைக் கூப்பிடுகிறதென்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள்.
— வாசகி, பிரம்டன்

பதில்: சோறும் கூப்பிடும்தான். தட்டில் வைத்து, பொழுதுபடுமுன் எடுத்துவிடுங்கள். வழக்கத்தை விட வேண்டியதில்லை. மீன் கழிவைக் குளிர்பெட்டியில் உறையவைத்து, குப்பை எடுக்கும் காலையில் கிரீன் பின்னில் (உணவுக்கழிவுத் தொட்டி) போடுங்கள்.

ஆனால் அந்தக் கிடங்குகளுக்குக் காரணம் மண்ணிலுள்ள வண்டுப்புழு. ஸ்கங்க் கூம்பு வடிவில் சிறு குழி கிண்டும். புல்லைப் பாய்போல் சுருட்டியிருந்தால் ரக்கூன். 30 சென்ரிமீற்றர் சதுரத்துக்குப் புல்லை வெட்டிப் புரட்டி, ஐந்துக்கு மேல் வெள்ளைப் புழு இருந்தால் நெமற்றோட் எனும் நுண்புழுவை விடுங்கள். 2009 முதல் ஒன்ராறியோவில் வீட்டுப் புற்தரைக்குப் பெரும்பாலான இரசாயனப் பூச்சிமருந்துகள் தடை. ஆகஸ்ட் கடைசி முதல் செப்ரெம்பர் நடு வரை, புழு இளசாக இருக்கும்போது, மாலையில் விடவேண்டும். முன்னும் பின்னும் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். வெயிலிலும் காய்ந்த மண்ணிலும் அவை செத்துவிடும். பலன் இல்லை என்று முறையிடுவோரில் பலர் நண்பகலில் தெளித்தவர்கள். புல்லை 7 சென்ரிமீற்றருக்குக் குறைய வெட்டாதீர்கள். உயரமான புல்லில் வண்டு முட்டையிட விரும்பாது.

கேள்வி: பகலில் திரியும் ஸ்கங்குக்கு விசர்நோய் என்பது உண்மையா?
— வாசகர், ஸ்காபரோ

பதில்: பகலில் வருவது மட்டும் அடையாளம் அல்ல. பாலூட்டும் தாய் பசியால் பகலிலும் வரும். தள்ளாடுவது, வட்டமாகச் சுற்றுவது, பின்கால் இழுபடுவது, காரணமின்றி ஆட்களைத் துரத்துவது ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் கிட்டப் போகாமல் நகரசபையை அழையுங்கள். ரொறன்ரோவில் 311. கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியரிடம் போங்கள். பொதுச் சுகாதாரப் பிரிவுக்கும் தெரிவியுங்கள். பீச்சிய திரவத்தால் விசர்நோய் தொற்றாது, எச்சிலால்தான் தொற்றும்.