கூரையிலிருந்து ஒரு குதிப்பு – கடிதம்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

பணயக்கைதிகளை மீட்கும் சண்டைப் படங்களை விரும்பிப் பார்ப்பவன் நான். அண்மையில் ‘டை ஹார்ட்’ படத்தை மீண்டும் பார்த்தேன். கொள்ளைக்காரர்கள் ஓர் உயரமான அலுவலகக் கட்டடத்தைக் கைப்பற்றி உள்ளே இருப்பவர்களைப் பணயமாகப் பிடிக்க, மனைவியைக் காண அங்கே வந்த காவலர் ஜான் மெக்ளேன் தனியாளாக அவர்களை எதிர்க்கும் கதை அது. கூரை வெடித்துச் சிதறும் வேளையில் ஜான் மெக்ளேன் தீயணைப்புக் குழாயை இடுப்பில் கட்டிக்கொண்டு குதிப்பதுதான் இவ்வகைப் படங்களிலேயே தலைசிறந்த வீரத் தருணம் என்பது என் எண்ணம். பின்னால் வந்த படங்களில் இதைவிட உயரத்திலிருந்து குதிக்கிறார்கள், இதைவிடப் பெரிதாக வெடிக்கிறது. எதுவும் மனத்தில் தங்குவதில்லை. இது என் வயதின் கோளாறா, படங்களின் கோளாறா? கடைசியில் காவலர் பவல் சுடும் காட்சி எனக்கு நிறைவளித்தது, ஆனால் நண்பர்கள் அதை ஒட்டுவேலை என்கிறார்கள். இன்னொரு ஐயமும் உண்டு: இப்படங்களில் கைதிகளாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு வீரம் என்று ஒன்று கிடையவே கிடையாதா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

வயதின் மேல் பழியைப் போட வேண்டாம். அந்தக் குதிப்பு நினைவில் நிற்பதற்கு உயரமும் வெடிப்பும் காரணமாக இருந்திருந்தால், அவ்விரண்டையும் பெருக்கிக்கொண்டே போன படங்கள் எப்போதோ அதைத் தாண்டிப் போயிருக்கும். குதிப்பதற்கு முந்தைய சில நிமிடங்களை நினைவுபடுத்திப் பாருங்கள். கூரையில் வெடிமருந்து பொருத்தப்பட்டிருக்கிறது, கைதிகள் அங்கே கூட்டிவரப்பட்டிருக்கிறார்கள், கீழே ஓடுங்கள் என்று மெக்ளேன் கத்துவதை அவர்கள் நம்பவில்லை. தான் காப்பாற்ற வந்த கைதிகளையே மிரட்டி விரட்ட வேண்டிய நிலையில் அவன் வானத்தை நோக்கிச் சுடுகிறான். அதைக் காணும், அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் அதிகாரிகள் அவனையே பயங்கரவாதி என்று முடிவுகட்டி ஹெலிகாப்டரிலிருந்து சுடத் தொடங்குகிறார்கள். திரும்பும் வழி அடைபட்டுப்போனதால் மட்டுமே அவன் விளிம்பை நோக்கி ஓடுகிறான். இனி உயரமான கட்டடம் எதிலும் ஏறமாட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டு குதிப்பவனிடம் வீரனின் தோரணை மருந்துக்கும் இல்லை.

இவ்வகைக் கதையில் பணயக்கைதியின் வேலை கதாநாயகனின் கைகளைக் கட்டிப்போடுவதுதான் என்று நான் கருதுகிறேன். எங்கே வேண்டுமானாலும் சுடலாம், எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்ற நிலையில் இருப்பவனின் செயல் வெறும் திறமை. தன் ஒவ்வோர் அசைவுக்கும் வேறு யாரோ உயிரால் விலை கொடுக்கக்கூடும் என்று அறிந்தவன், அந்த இடுக்குக்குள் கண்டுபிடிக்கும் வழிதான் வீரமாகிறது. இதைப் படமே ஒரு வசனத்தில் காட்டிவிடுகிறது. ஹெலிகாப்டரில் வரும் எஃப்.பி.ஐ. அதிகாரி, தாக்குதலில் கைதிகளில் 20, 25 சதவீதம் பேர் போவார்கள் என்று கணக்குச் சொல்ல, மற்றவர் அதை இயல்பாக ஏற்றுக்கொள்கிறார். கைதிகளைச் சதவீதமாக்கிக்கொண்டவர்களுக்கு எல்லாமே எளிது. இன்றைய பல படங்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்த அதிகாரிகளின் கணக்கைத்தான் பின்பற்றுகின்றன: மூலையில் ஒரு கூட்டம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும், நாயகன் அதைச் சுற்றி நூறு குண்டுகளைப் பொழிவான், ஒன்றும் அவர்கள்மேல் படாது. அவனைத் தடுக்காத கைதிகள் அவனுக்கு எந்த வீரத்தையும் தர இயலாது.

உங்கள் தேர்விலும் ஒரு சிறு திருத்தம் சொல்வேன். எனக்குப் பிடித்த தருணம் குதிப்புக்குப் பிறகு வருவது. குழாயில் தொங்கியபடி மெக்ளேன் சன்னல் கண்ணாடியைக் காலால் உதைத்துப் பார்க்கிறான், உடையவில்லை. சுட்டு உடைத்து உள்ளே விழுகிறான். பார்வையாளர்கள் மூச்சு விடும் நேரத்தில், மேலே குழாய் சுற்றியிருந்த உருளை பெயர்ந்து விழுந்து, அதன் எடை அவனைத் திரும்பவும் சன்னலை நோக்கி இழுக்கிறது. தன்னைக் காப்பாற்றிய கயிறே தன்னைக் கொல்லப் பார்க்க, தரையில் பிடிமானம் தேடித் துழாவியபடி அவன் முடிச்சை அவிழ்க்கிறான். சாதாரண இயக்குநர் உள்ளே விழுந்த கணத்தில் இசையை உயர்த்தி முடித்திருப்பார். ஜான் மெக்டியர்னன் பௌதிக விதிக்கு அங்கே ஒரு வேடம் கொடுத்தார்.

மெக்ளேனின் வெறுங்காலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படத்தின் தொடக்கத்தில், அவன் வரும் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர், பயணக் களைப்பு தீர வெறுங்காலுடன் விரிப்பின் மேல் நடக்கும்படி யோசனை சொல்கிறார். அதை அவன் செய்து பார்க்கும்போது துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. அன்றிரவு முழுவதும் அவன் காலணி இல்லாதவனாகிறான். தான் கொன்ற ஒருவனின் காலணியைப் போட்டுப் பார்த்தால் அது சிறியதாக இருக்கிறது. தப்பிய கைதியாக நடிக்கும் கொள்ளைக்காரர்களின் தலைவன் ஹான்ஸ் க்ரூபர் அந்த வெறுங்காலைக் கவனிக்கிறான், பிறகு கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். நாயகனின் பலவீனத்தைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்த வில்லன் அமைவது இவ்வகைப் படத்துக்குப் பெரும் பேறு; ஆலன் ரிக்மனுக்கு அது முதல் திரைப்படம் என்பதை இன்றும் நம்ப முடியவில்லை. உடைந்த கண்ணாடியின் மேல் ஓடியவன் குளியலறையில் உட்கார்ந்து பாதத்திலிருந்து சில்லுகளைப் பிடுங்கியபடி, ஒருவேளை தான் பிழைக்காவிட்டால் மனைவியிடம் தன் வருத்தத்தைச் சொல்லும்படி, கட்டடத்துக்கு வெளியே நிற்கும் பவலிடம் வாக்கி-டாக்கியில் கேட்டுக்கொள்கிறான். யாரையும் அடிக்காத, யாரையும் சுடாத அந்தக் காட்சி இல்லையென்றால் கூரைக் காட்சிக்குப் பாதி வலுகூட இருந்திருக்காது. உடலால் ஒருவன் எவ்வளவு தாங்குவான் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் அவன் குதிக்கும்போது நாம் பதறுகிறோம்.

இதற்கு நடிகர் தேர்வும் உதவியது. 1988இல் படம் வந்தபோது சண்டை நாயகர்கள் பெரும்பாலும் மலைபோன்ற உடலுடையவர்கள். புரூஸ் வில்லிஸோ தொலைக்காட்சியில் நகைச்சுவை கலந்த தொடர் ஒன்றால் அறியப்பட்டிருந்தார். மூலக்கதையான நாவல், முன்பு ஃபிராங்க் சினாட்ரா நடித்த படம் ஒன்றின் கதைக்குத் தொடர்ச்சி. ஆகவே ஒப்பந்தப்படி இந்த வேடத்தை முதலில் எழுபது வயது கடந்த சினாட்ராவிடம் கேட்க வேண்டியிருந்தது. அவர் மறுத்தது எல்லோருக்கும் நல்லதாயிற்று.

பவல் விஷயத்தில் நான் உங்கள் நண்பர்கள் பக்கமும் இல்லை, முழுதாக உங்கள் பக்கமும் இல்லை. ஒட்டுவேலை என்பது தவறு. பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 13 வயதுச் சிறுவனைச் சுட்டுவிட்ட பிறகு தன்னால் துப்பாக்கியை எடுக்கவே முடியவில்லை என்று அவர் முன்னமே சொல்லிவிடுகிறார். செத்துவிட்டதாக நாம் எண்ணிய, க்ரூபரின் கூட்டாளி கார்ல் எழுந்து வரும்போது அவர் சுடுவதற்கான விதை அங்கேயே போடப்பட்டுவிட்டது. கட்டமைப்பில் குறையில்லை. மனச்சான்றில்தான் எனக்கு உறுத்தல். தவறாக ஒரு குழந்தையைக் கொன்றவரின் குணமடைதல் என்பது மறுபடியும் கொல்ல முடிவதுதான் என்று படம் சொல்லி, அதற்கு நம்மிடம் கைத்தட்டலும் கேட்கிறது. நான் ஒவ்வொரு முறையும் கைதட்டியிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

கைதிகளின் வீரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். விடை அதே படத்திலேயே இருக்கிறது. முதலாளி டகாகி கொல்லப்பட்ட பின், கைதிகளில் ஒருத்தியான மெக்ளேனின் மனைவி ஹாலி எழுந்து க்ரூபரிடம் போய், கருவுற்றிருக்கும் சக ஊழியருக்கு ஒரு சோபாவும் மற்றவர்களுக்குக் கழிப்பறை செல்ல அனுமதியும் கேட்கிறாள். உன்னைப் பொறுப்பாளராக்கியது யார் என்று அவன் கேட்க, என் முதலாளியைக் கொன்ற நீதான் என்கிறாள். மிகைக் குரல் இல்லாமல், ஆயுதம் இல்லாமல், எதிரியிடமிருந்து இரண்டு சலுகைகளைப் பெற்றுத் திரும்பும் அந்தக் காட்சியை வீரத் தருணங்களின் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. நான் கூரைக் காட்சிக்கு இணையாக வைப்பேன்.

மெய்யான நிகழ்வுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1976 ஜூன் 27 அன்று கடத்தப்பட்ட ஏர் பிரான்ஸ் விமானம் உகாண்டாவின் எண்டெபேவுக்குக் கொண்டுபோகப்பட்டது. இஸ்ரேலியர் அல்லாத பயணிகளில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டபோது, விமானி மிஷெல் பாகோஸும் அவருடைய ஊழியர்களும் மீதிப் பயணிகளை விட்டுப் போக மறுத்து அங்கேயே தங்கினார்கள். ஜூலை 4 அதிகாலையில் முடிந்த இராணுவ மீட்பைப் பலமுறை படமாக்கியவர்கள் ஓடுதளத்தையும் துப்பாக்கிகளையும்தான் மையத்தில் வைத்தார்கள். என் பார்வையில் அந்த வாரத்தின் மிகத் துணிச்சலான செயல் ஒரு விமானி நகராமல் நின்றது. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் பான் ஆம் விமானம் கைப்பற்றப்பட்டபோது, விமானப் பணிப்பெண் நீரஜா பனோட் விமானி அறைக்கு எச்சரிக்கை அனுப்பியதால் விமானிகள் மேல்வழியாகத் தப்பினார்கள், விமானம் தரையைவிட்டு எழ முடியாமல் போயிற்று. பயணிகளை வெளியேற்றிக்கொண்டிருக்கையில் சுடப்பட்டு இறந்த அவருக்கு 23 வயது நிறைய இரண்டு நாட்களே இருந்தன; அசோக சக்கரம் அவருடைய மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. 2016இல் வந்த ‘நீரஜா’ இந்தியில் எடுக்கப்பட்டது. மீட்பவரை விட்டுவிட்டுக் கைதியின் பக்கம் நின்று கதை சொன்னால் எப்படியிருக்கும் என்று அறிய, அடுத்து அதைப் பாருங்கள்.