புக்மார்க் செய்தது தானாக டு-டு லிஸ்ட்டுக்குப் போகுமா?

கேள்வி: பிறகு பார்க்கலாம் என்று நினைக்கும் பக்கங்களை எல்லாம் பிரவுசரில் நட்சத்திரத்தை அழுத்திச் சேமிக்கிறேன். அப்புறம் அந்தப் பக்கமே தலைவைப்பதில்லை. தினமும் திறப்பது டுடூயிஸ்ட் என்ற டு-டு லிஸ்ட் செயலியை மட்டும்தான். சேமிப்பதெல்லாம் தானாக அங்கே வந்து சேர வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அந்த நட்சத்திரத்தை நம்பி நடக்காது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவற்றில் சேமிக்கும் புக்மார்க்குகளை ஐஎஃப்டிடிடி, ஜேப்பியர் மாதிரியான இணைப்புச் சேவைகளால் (ஒரு செயலியில் ஏதாவது நடந்தால் இன்னொன்றில் தானாக ஒரு வேலையைச் செய்துவைப்பவை) நேரடியாகப் பார்க்க முடியாது. அதனால் நடுவில் இணையத்தில் இயங்கும் ஒரு புக்மார்க் சேவை வேண்டும். ரெயின்டிராப், பின்போர்டு இரண்டும் இதற்குப் பொருந்தும். பழைய வழிகாட்டிகளில் பாக்கெட் என்ற இதே மாதிரிச் சேவையின் பெயர் அடிக்கடி வரும். மொசில்லா அதை 2025 ஜூலை 8 அன்று மூடிவிட்டது. அந்த வழிகாட்டிகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ரெயின்டிராப்பை எடுத்துக்கொண்டால் வேலை எளிது. அதன் எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு சேர்க்கும் சிறு துணைநிரல்) பிரவுசரில் போட்டு, 'செய்ய' என்று ஒரு தொகுப்பு உருவாக்குங்கள். ஜேப்பியரில் "இந்தத் தொகுப்பில் புது புக்மார்க் வந்தால், டுடூயிஸ்ட்டில் ஒரு பணியைச் சேர்" என்று இணைத்தால் முடிந்தது. இலவசக் கணக்கில் ஜேப்பியர் மாதத்துக்கு 100 பணிகள் வரை அனுப்பும். புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கும். சேமித்த உடனே பட்டியலில் காணோமே என்று பதற வேண்டாம்.

நீங்கள் 'எல்லாம்' என்று கேட்டீர்கள். அதைத்தான் செய்யாதீர்கள் என்பேன். சேமிப்பதில் பெரும்பாலானவை வேலையே அல்ல: அழகாக இருந்தது, என்றாவது உதவும், யாரோ அனுப்பினார்கள், அவ்வளவுதான். அத்தனையும் பட்டியலில் கொட்டினால், தினமும் திறக்கும் அந்த ஒரு செயலியையும் திறக்கப் பிடிக்காமல் போய்விடும். இதற்குத்தான் 'செய்ய' என்ற தனித் தொகுப்பு. நிரப்ப வேண்டிய படிவம், புதுப்பிக்க வேண்டிய சந்தா, கெடு தேதிக்குள் படித்துப் பதில் சொல்ல வேண்டிய அறிக்கை மட்டும் அதற்குள் போகட்டும். மற்றவை வேறு தொகுப்பில் கிடக்கட்டும், குற்றமில்லை. சேமிக்கும்போதே தொகுப்பைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்; எங்கோ சேமித்துவிட்டுப் பிறகு இங்கே நகர்த்தினால், இணைப்புச் சேவை அதைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும்.

அடுத்த சிக்கல் தலைப்பு. வழக்கமாகப் பக்கத்தின் தலைப்பே பணியின் பெயராகிவிடும். "முகப்பு" என்றோ "உள்நுழைக" என்றோ ஒரு பணி பட்டியலில் நின்றால், ஒரு வாரம் கழித்து அது எதற்கென்று உங்களுக்கே புரியாது. சேமிக்கும் பெட்டியிலேயே தலைப்பைத் திருத்தி, "காப்பீட்டுப் படிவத்தை நிரப்பு" என்பதுபோல் செயலைச் சொல்லும் வரியாக எழுதுங்கள். பணியின் பெயரில் தலைப்பைச் சதுர அடைப்புக்குறியிலும் அதை ஒட்டியே முகவரியைச் சாதாரண அடைப்புக்குறியிலும் வரும்படி ஜேப்பியரில் அமைத்தால், டுடூயிஸ்ட் நீளமான முகவரியை மறைத்து, தலைப்பையே அழுத்தக்கூடிய லிங்க்காகக் காட்டும்.

இணைப்பைப் போட்ட பிறகு சேமிப்பவைதான் போகும். ஏற்கெனவே குவிந்திருப்பவை போகாது. (அதுவும் நல்லதற்கே.) இது ஒருவழிப் பாதை. டுடூயிஸ்ட்டில் பணியை முடித்ததாகக் குறித்தாலும் புக்மார்க் இருந்த இடத்திலேயே இருக்கும். இருபக்கமும் ஒத்திசைக்க ஆசைப்பட்டு எதிர்த்திசையிலும் ஓர் இணைப்பைப் போடாதீர்கள். ஒன்று மற்றொன்றைத் தூண்டி, ஒரே பணி திரும்பத் திரும்ப முளைக்கும்.

வாரத்துக்கு நாலைந்து லிங்க்தான் வேலையாக மாறும் என்றால், இவ்வளவும் தேவையா என்று யோசியுங்கள். டுடூயிஸ்ட்டுக்கே பிரவுசர் எக்ஸ்டென்ஷன் உண்டு. போனில் பகிர் பொத்தானை அழுத்தினாலும் பக்கம் நேராகப் பணியாகிவிடும். இடையில் மூன்றாம் சேவை கிடையாது என்பது கூடுதல் லாபம். ஏனென்றால் ஜேப்பியர் வழியில் ஒவ்வொரு லிங்க்கும் அந்த நிறுவனத்தின் கணினிகளைத் தொட்டுத்தான் போகிறது. லிங்க் வைத்திருக்கும் யாரும் திறக்கக்கூடிய ஆவணம், கடவுச்சொல்லை மாற்ற வரும் முகவரி போன்றவற்றை 'செய்ய' தொகுப்பில் போடவே போடாதீர்கள். அவற்றுக்கான பணியை லிங்க் இல்லாமல் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.